ஈரப்பதம்

பத்திரத்துக்குப் பெயர் விடுதலை.
நீடாமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்தில்
கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே நின்று
நான்தான் விடுதலை செய்தேன்
ஏழு மா நஞ்சையை,
மேலண்டை மூங்கில் புதரை,
பம்புசெட்டில் பாதியை.
பயிர்க்கடன் என்று சொல்லியிருந்தார்கள்.

கேமராவைப் பாருங்கம்மா என்றது கணினிப் பெண்.
சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறது
கறுப்பு வெள்ளையில், பத்திரத்தின் பின்பக்கம்,
என் கைரேகைக்கு அருகில்.

வெளியே வந்ததும் அம்மா
பன்னீர் சோடா வாங்கித் தந்தாள்.
புட்டியை என்னிடம் நீட்டியபோது
அவள் பார்த்தது
எதிரே இருந்த உரக்கடைப் பலகையை.
அவளுக்குத் தெரியும்.

நாலு மாதம் கழித்து
வரப்பில் புல்லறுக்கக் குனிந்தேன்.
"உனக்கு இங்க என்ன இருக்கு, தையல்நாயகி?"
என்று கேட்டார் கலியபெருமாள் அண்ணன்.
அதுவரை வீட்டில் நான் தையலு.
என் பெயர் எவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அழுதேன், மோட்டார் ஓடும் நேரமாகப் பார்த்து.
சபிக்கவும் செய்தேன்:
குலைநோய் வரட்டும், ஆனைக்கொம்பன் விழட்டும்,
கதிரெல்லாம் பதராகட்டும்.
எதுவும் வரவில்லை.
அந்த வருஷம்தான் நன்றாக விளைந்தது.

தை கடைசி.
கொள்முதல் நிலையத்தில் பருவத்துக்கு மட்டும் எனக்கு வேலை:
ஈரமானி, சாக்குக் கணக்கு, ரசீது.
கூத்தாநல்லூர் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
தார்ப்பாய்க்கு ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டார்கள்.
பதினோராம் டோக்கன் அண்ணனுடையது.
ஆறு நாளாகக் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த தாடி.
அண்ணி என் முகத்தைப் பார்க்காமல்
நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.
இருநூறு மூட்டைக்கு மேல் தேறும்.
அதில் எத்தனை என் ஏழு மாவில் விளைந்தது?
நெல்லைப் பார்த்தால் தெரிவதில்லை.

கைப்பிடி அள்ளி
இயந்திரத்தில் போட்டு மூடியைத் திருகினேன்.

பதினேழுக்கு மேல் போனால் காயவைத்துக் கொண்டுவரணும்.
பத்தொன்பது என்று சொன்னால் போதும்.
யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.
மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.
முளைவிட்ட நெல்லின் வாடை எனக்குத் தெரியும்,
வெல்லம் புளித்தது மாதிரி இருக்கும்.

மூட்டை தூக்கும் பக்கிரிசாமி
தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே
சொல்லிடு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்.
ஊருக்கே தெரிந்த கதை.

பதினாறு புள்ளி நாலு.

இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.
ஆசையோடுதான் போட்டேன்.
சொல்லாமல் விட்டிருக்கலாம் இதை,
ஆனால் நடந்தது அதுதான்.

பதினாறு புள்ளி நாலு.

"பதினாறு நாலு" என்றேன், வரிசைக்கே கேட்கும்படி.
தொண்டை வறண்டிருந்தது,
குரல் மட்டும் என்னுடையதாகவே வந்தது.

"தையலு..." என்றார் அண்ணன்.
"டோக்கன் பன்னிரண்டு" என்றேன்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது.
அவர் மூட்டைகள் லாரி ஏறியிருந்தன.
எடைக்கு மேடையேறக் காத்திருந்த
குத்தகைக்காரி ராசாம்பாளின் குவியல் நனைந்தது.
தார்ப்பாயின் ஒரு முனையை நானும் இழுத்தேன்,
முழங்கால்வரை சேறு.
பத்தொன்பது என்று சொல்லியிருந்தால்
அவள் நெல் தப்பியிருக்கும்.
இதையும் வைத்துக்கொண்டுதான் தூங்கணும்.

செவ்வாய்க்கிழமை மன்னார்குடி கோர்ட்டில் வாய்தா.
வாதி நான்.
ஒன்றாம் பிரதிவாதி அண்ணன், இரண்டாவது அம்மா.
மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.
கூண்டிலேறி
அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்பார்கள்,
சந்தோஷமாகத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்பார்கள்.
பதினாறு நாலு என்று சொன்ன அதே குரலில்
அங்கேயும் சொல்லணும்.

குளித்துவிட்டு வந்து படுத்தும்
கழுத்தில் நெல்சுணை.
விடியும்வரை அரித்தது.